படத்தில் விழாத அங்கமுத்து

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை காலை, நான் வகுப்பில் இருந்தபோது பள்ளி அலுவலகத்திலிருந்து ஆள் வந்து, எனக்குத் தொலைபேசி வந்திருப்பதாகச் சொன்னார். வேலை நேரத்தில் என்னைத் தேடி யாரும் அழைப்பதில்லை. மறுமுனையில் அங்கமுத்து அண்ணனின் மனைவி பாக்கியம் அக்கா. பக்கத்து வீட்டிலிருந்து பேசினார். குரலில் அழுகை இல்லை.

"டீச்சர், அவரு போயிட்டாரு. காலையில கோப்பி குடிச்சிட்டு நாக்காலியில சாஞ்சாரு. சாஞ்ச மாதிரியே இருக்காரு" என்றார். அடுத்து இப்படிச் சொன்னார். "மாலை போட ஒரு படம் இல்ல டீச்சர். ஊரு பூரா படம் எடுத்த மனுசனுக்கு ஒரு படம் இல்ல."

அங்கமுத்து அண்ணனை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் பலர் வீட்டுச் சுவரில் அவர் எடுத்த படம் ஒன்றாவது இருக்கும். மலேசியாவின் பேரா மாநிலத்தில் ரப்பர் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்று, செம்பனை எண்ணெய்த் தோட்டங்களுக்கும் வீடமைப்புக்கும் கொடுத்துக்கொண்டிருந்த ஆண்டுகளில், அவற்றின் தொழிலாளர் குடியிருந்த லயங்களையும் கோயில்களையும் ரப்பர்த் தாள் உலர்த்தும் புகைக்கூடங்களையும் இடிபடுவதற்கு முன்னால் போய்ப் படமெடுத்து வைத்தவர் அவர். ஈப்போவின் சுண்ணாம்பு மலைகளையும் ஈயம் தோண்டிய பள்ளங்களில் நீர் தேங்கிய ஈயக்குட்டைகளையும் பழைய கடைவீதிகளையும் அவர் எடுத்த படங்கள் வழியாகத்தான் நம்மில் பலர் முதன்முறை நின்று பார்த்தோம். நான் பள்ளியில் வரலாறு கற்பிப்பவள். ஒரு வார இதழில் அவர் படங்களுக்குக் கீழே நாலு வரி எழுதுவது என் வேலையாக இருந்தது. எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வரப்போவதைப் படித்துவிட்டு யாரும் என்னைத் தவறாக நினைக்கக் கூடாது.

அவரை நான் முதலில் சந்தித்தது எழுபதுகளின் நடுவில். எங்கள் பள்ளி மண்டபத்தில் சின்னதாக ஒரு கண்காட்சி வைத்திருந்தார். அதில் ஈப்போ பழைய நகரத்துக் கடைத்தெரு ஒன்று இருந்தது. நல்ல வெயில். கடைகள் எல்லாம் திறந்திருக்கின்றன. காப்பிக் கடை மேசையில் கோப்பைகள் இருக்கின்றன. சைக்கிள்கள் சாத்திவைக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் தெருவில் ஓர் ஆள் இல்லை. எல்லோரையும் யாரோ அப்போதுதான் கூப்பிட்டுக்கொண்டு போனதுபோல் இருந்தது. ஊரடங்கு நாளில் எடுத்ததா என்று கேட்டேன்.

"இல்ல டீச்சர். சனிக்கிழமை மத்தியானம். நடக்க எடமில்லாத கூட்டம். எல்லாரும் இதுக்குள்ளதான் இருக்காங்க, விழலை" என்றார்.

பிறகு விளக்கினார். அவருடையது பெரிய மரக் கேமரா. ஈப்போவில் ஸ்டூடியோ வைத்திருந்த ஆ லோய் என்ற சீனர், அவருக்கு நெருங்கிய நண்பர், இனி தனக்கு வேண்டாமென்று கொடுத்தது. லென்ஸின் துவாரத்தை ஊசிக்கண் அளவுக்குச் சுருக்கி, முன்னால் கறுப்புக் கண்ணாடியும் வைத்துவிட்டால் நிமிடக்கணக்கில் திறந்து வைக்கலாம். அத்தனை நேரமும் அசையாமல் இருப்பதுதான் பிலிமில் விழும். நடப்பவர்கள், ஓடுபவர்கள், பேசிக்கொண்டு கையை ஆட்டுபவர்கள் எல்லோரும் கரைந்துவிடுவார்கள். "ஆடுறவங்க விழமாட்டாங்க. நிக்கிறதுதான் விழும்" என்பது அவர் அடிக்கடி சொல்லும் வார்த்தை.

இந்த வார்த்தை அவருக்கு எங்கிருந்து வந்தது என்று ஒரு நாள் ஆயர் தாவார் போகும் வழியில் சாலையோர ஒட்டுக்கடையில் உட்கார்ந்திருந்தபோது சொன்னார். இளம் வயதில் தோட்டங்களில் அவர் எடுத்ததெல்லாம் சாவு வீட்டுப் படங்கள். அன்றைக்குத் தோட்டத்து ஜனங்களுக்கு உயிரோடு இருக்கும்போது படம் எடுத்துக்கொள்ளும் வழக்கமில்லை. யாராவது இறந்தால்தான், ஞாபகத்துக்கு ஒன்று இருக்கட்டும் என்று ஆள் அனுப்புவார்கள். செத்தவரை நாற்காலியில் உட்காரவைத்துக் கட்டி, சுற்றிலும் குடும்பம் நிற்கும். லயத்து வீட்டுக்குள் வெளிச்சம் ஏது? லென்ஸைக் கொஞ்ச நேரம் திறந்தே வைக்க வேண்டும். அழுகையில் குலுங்கிக்கொண்டிருக்கும் குடும்பம் முழுவதும் புகையாக விழும். நடுவில் செத்தவர் மட்டும் சட்டைப் பொத்தான் வரைக்கும் தெளிவாக இருப்பார்.

படத்தைக் கையில் வாங்கிப் பார்த்த ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? தெளிவாக விழுந்தால் ஆயுள் முடிந்தது என்று எடுத்துக்கொண்டார்கள். அதிலிருந்து அந்தத் தோட்டங்களில் யாரைப் படமெடுத்தாலும் லேசாகத் தலையை ஆட்டிக்கொண்டே நிற்பார்கள். கல்யாண மாப்பிள்ளை ஆடுவார், பெண் ஆடுவாள், வேலை வாங்கும் மண்டோரும் ஆடுவார். தோட்டத்துச் சங்கத்தின் ஆண்டுவிழாப் படம் ஒன்றைக் காட்டினார். வெள்ளைச் சட்டைகளுக்கு மேலே வரிசையாக மேகம் நின்றது. நான் சிரித்த சிரிப்பில் கோப்பி மூக்கில் ஏறிவிட்டது. அவரும் சிரித்தார். ஆனால் எங்கள் பள்ளி விழாவில் அவரைத் தலைமையாசிரியர் பக்கத்தில் நிற்கவைத்து யாரோ படமெடுத்தபோது, இவர் விடாமல் தலையை ஆட்டிக்கொண்டே இருந்ததை நான் பார்த்தேன். அந்தப் படத்திலும் தலைமையாசிரியர் தோளுக்குப் பக்கத்தில் ஒரு வெளுப்புத்தான் இருக்கிறது.

பாக்கியம் அக்காவுக்கு இது பெரிய மனத்தாங்கல். அவர்கள் கல்யாணத்துக்கும் படம் இல்லை. "தோட்டத்துல இருந்தது ஒரே போட்டோக்காரன். அவன் மாப்பிள்ளையா உக்காந்துட்டான்" என்று அண்ணன் கேலி பேசுவார். அடையாளக் கார்டில் இருந்த படமும், ஒருமுறை ஈயக்குட்டையில் விழுந்து எழுந்ததில் தண்ணீர் புகுந்து வெளுத்துவிட்டது. ஒரு தடவை நான் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அக்கா கேட்டார்: "நீ முன்னால போயிட்டா நான் எதப் பாத்துக்கிட்டு இருக்கிறது? ஒரே ஒரு படம். ஆ லோய் எடுக்கட்டும். ஆடாம நில்லு." அண்ணன் ரசத்தைக் கலக்கிக்கொண்டே, "நேரம் வந்தா நிக்கிறேன், விடு" என்றார். அக்கா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

இப்படிப்பட்ட மனிதர் தன் படங்களுக்குள் நுழையாமலும் இருந்ததில்லை. புகைக்கூடம் மாதிரி இருட்டான இடங்களை எடுக்கும்போது லென்ஸைத் திறந்து வைத்துவிட்டு, கறுப்புச் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு, டார்ச் லைட்டோடு உள்ளே போய்விடுவார். சுவர் சுவராக, விட்டம் விட்டமாக வெளிச்சத்தைப் பூசிக்கொண்டே நடப்பார். நடப்பதால் அவர் விழமாட்டார், வெளிச்சம் மட்டும் விழும். அவருடைய உட்புறப் படங்களில் ஒரு வெளிச்சம் இருக்கிறதே, எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் சுவரிலிருந்தே கசிவதுபோல, அது அவர்தான்.

உள்ளே போவதற்கு முன் இன்னொன்றும் செய்வார். ஆளில்லாத வீட்டின் வாசலில் நின்று, கதவைத் தட்டி, "படம் எடுக்கப் போறேன். யாராச்சும் இருந்தா ஆடிக்கிட்டே இருங்க" என்று சத்தமாகச் சொல்வார். காலி வீட்டுக்குள் அந்தக் குரல் போய்ச் சுற்றிவிட்டு வரும். முதல் தடவை கேட்டபோது நான் சிரித்தேன். எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்க வேலைக்கு வந்தது என்பது அவருக்குத் தெரியும். "உங்களுக்கு என்னா டீச்சர். யாழ்ப்பாணத்துக்காரங்க வீட்டுப் பேய்கூட கவர்மெண்ட் வேலையில இருக்கும், பென்சனோட. எங்க தோட்டத்துப் பேயிங்களுக்கு இருக்க எடமே போவப் போவுது லா. சொல்லிட்டுத்தான் எடுக்கணும்" என்றார்.

தொட்டில் படத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கத்தில், ஜனங்கள் காலி செய்து போய்விட்ட ஒரு தோட்டத்துக்கு நானும் அவரோடு போயிருந்தேன். அவர் பிறந்து வளர்ந்த தோட்டம் அது என்று மட்டும் தெரியும். லயங்களின் தகரத்தைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். ஆயாக்கொட்டகை மட்டும் முழுசாக நின்றது. பெற்றோர் ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போனபின் குழந்தைகளை ஆயாவிடம் விட்டுவைக்கும் கொட்டகை. உள்ளே விட்டத்தில் பழைய கைலிச் சாரத்தில் கட்டிய தொட்டில் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. யாரோ அவிழ்க்க மறந்துவிட்டுப் போனது. அண்ணன் வழக்கம்போல் வாசலில் சொல்லிவிட்டு, லென்ஸைத் திறந்துவிட்டு, கறுப்புச் சட்டையோடு உள்ளே போனார். நான் கேமராப் பக்கத்திலேயே நின்றேன். அங்கிருந்து பார்த்தால் இருட்டில் டார்ச் வெளிச்சம் மட்டும்தான் அலைந்தது. வாசலில் நின்ற பப்பாளியில் ஓர் இலை ஆடவில்லை. அப்படி ஒரு புழுக்கம்.

அந்த வாரக் கடைசியில் படத்தைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். பலகைச் சுவர், விட்டம், ஆணியில் மாட்டிய பழைய வாளி, வாசலில் பப்பாளி இலையின் நரம்பு, எல்லாம் கத்தி முனையாக விழுந்திருந்தன. தொட்டில் மட்டும் விழவில்லை. அது இருந்த இடத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் போய்வந்த ஒரு வெளுப்பு.

"தொட்டிலில் நீங்கள் இடித்திருப்பீர்கள்" என்றேன்.

"நான் அந்தப் பக்கமே போவல டீச்சர்."

"காற்றா இருக்கும்."

"பப்பாளிக்கு இல்லாத காத்தா?" என்றார். படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தார். பிறகு சொன்னார்: "ஆடிக்கிட்டே இருங்கன்னு சொன்னேன்ல. காதுல விழுந்திருக்கு."

அந்தப் படத்துக்குக் கீழே எழுத எனக்கு வரி வரவில்லை. இதழில் அது வரவும் இல்லை. அதன்பிறகு பல நாள் அந்த வெளுப்பு என் கண்ணுக்குள் போய்வந்துகொண்டிருந்தது.

அண்ணனை அடக்கம் செய்தபிறகு, பதினாறாம் நாள் கருமாதிக்கு முன்னால் எப்படியாவது ஒரு முகத்தைத் தேடிவிடுவதென்று நானும் பாக்கியம் அக்காவும் உட்கார்ந்தோம். பிஸ்கட் டின்கள் நிறையப் பிலிம் தகடுகள். பூதக்கண்ணாடியை வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். லூமுட் படகுத்துறை, படகுகளோடு, ஆளில்லாமல். பாகான் செராய் வயல், நடவு நடந்துகொண்டிருக்கிறது, நடுபவர்கள் இல்லை. கோயில் திருவிழாவில் தேர் நிற்கிறது, இழுக்கும் கூட்டம் இல்லை. இருட்டு அறைகளின் சுவரில் எல்லாம் அவர் பூசிய வெளிச்சம் இருந்தது, அவர் இல்லை. மத்தியானத்துக்குமேல் எனக்குப் பயமாக இருந்தது. அக்காவிடம் சொல்லவில்லை. உலகத்திலிருந்து எல்லோரும் எழுந்துபோனபின் நாங்கள் இரண்டு பேர் மட்டும் மிச்சமிருப்பதுபோல் ஓர் உணர்வு.

கடைசி டின்னும் முடிந்தபோது அக்கா, "அந்தப் பொட்டியில ஒண்ணு கெடக்கு. போறதுக்கு முந்தின வாரம் மோட்டார்ல தனியா எங்கயோ போயிட்டு வந்தாரு. அதுக்கப்புறம் மேலுக்கு முடியலன்னு கழுவல" என்றார். கேமராப் பெட்டியில் மரச்சட்டத்துக்குள், எடுத்தும் கழுவாத ஒரு தகடு இருந்தது. வாசல் வரை வந்து என்னை அனுப்பும்போது அக்கா இன்னொன்றும் சொன்னார். அன்றைக்கு அண்ணன் கறுப்புச் சட்டையைத் தேடவில்லையாம். கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாராம்.

தகட்டை ஆ லோயிடம் கொண்டுபோனேன். அவர் ஒன்றும் கேட்காமல் என்னையும் இருட்டறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். முதலில் ஒரே இருட்டு. தண்ணீர்ச் சத்தம் மட்டும். தகட்டைக் கழுவிக் காயவைத்துவிட்டு, சிவப்பு விளக்கின் வெளிச்சத்தில் தாளில் ஏற்றினார். மருந்துத் தட்டில் கிடந்த வெள்ளைத் தாளில் விட்டம் வந்தது. பலகைச் சுவர் வந்தது. ஆணியில் வாளி வந்தது. அதே ஆயாக்கொட்டகை. அதற்குமேல் நான் பார்க்க விரும்பவில்லை. பார்க்காமலும் இருக்க முடியவில்லை. மெதுவாக ஒரு வெள்ளைச் சட்டை வந்தது. சட்டைக்குமேல் ஒரு முகம் வந்தது.

ஆ லோய் மலாயில் முணுமுணுத்தார்: "தெங்கோ, டீச்சர். டியா டியாம் லா." பாருங்கள், அவன் அசையாமல் நின்றிருக்கிறான்.

அங்கமுத்து அண்ணன் கேமராவை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். சிரிப்பு இல்லை, பயமும் இல்லை. வாசலில் தகரத்தைச் சாத்திவைத்து வெயிலைத் தன் முகத்தின்மேல் திருப்பிவிட்டிருக்க வேண்டும். கன்னத்து மச்சம் வரைக்கும் தெளிவாக விழுந்திருந்தது. இடுப்புக்குக் கீழே வெளிச்சம் போதவில்லை. லென்ஸைத் திறந்துவிட்டு நடந்துபோய் நின்று, திரும்ப நடந்துவந்து மூடியதில், அவர் நின்ற இடத்தில் பின்சுவரின் பலகைகள் அவருக்குள்ளேயே தெரிந்தன. கால்கள் இல்லவே இல்லை. வலது கை தொட்டில்மேல் இருந்தது. கந்தலாகிப்போன அந்தத் தொட்டில், சாரத்தின் கட்டம் ஒவ்வொன்றும் எண்ணக்கூடிய அளவுக்கு, அசையாமல் இருந்தது.

ஈரம் காய்ந்ததும் படத்தைக் கொண்டுபோய்ப் பாக்கியம் அக்கா மடியில் வைத்தேன். அவர் முகத்தைத் தடவவில்லை. முதலில் தொட்டிலைத் தடவினார்.

"நிறுத்திட்டாரு" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அப்போதுதான் சொன்னார். அவர்களுக்கு ஒரு பெண்குழந்தை இருந்திருக்கிறது. அக்கா பால்வெட்டுக்குப் போயிருந்த ஒரு காலையில், அந்த ஆயாக்கொட்டகையில், அந்த விட்டத்தில் கட்டிய தொட்டிலிலேயே காய்ச்சலில் போய்விட்டது. இத்தனை ஆண்டுப் பழக்கத்தில் அவர்களுக்குப் பிள்ளை இல்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"எல்லார் வீட்டுச் சாவையும் எடுத்தவரு டீச்சர். எல்லாரும் வந்து சொன்னாங்க, புள்ளை முகம் மறந்துடும், ஒரு படம் எடுத்து வையின்னு. மாட்டேன்னுட்டாரு. எடுத்தா தெளிவா விழுந்துடும்னாரு. அதோட சாவு வீட்டுக்குப் போறதையே விட்டுட்டாரு."

நான் மெதுவாக, அந்தப் பழைய தொட்டில் படத்தைப் பற்றிக் கேட்டேன். காற்று இல்லாத நாளில் ஆடிய தொட்டில்.

"அன்னைக்கு நீங்களும் போயிருந்தீங்கல்ல? படத்த உங்ககிட்ட காட்டிட்டு வந்த அன்னைக்குத்தான் சொன்னாரு. பாப்பாவக் கொஞ்ச நேரம் ஆட்டிட்டு வந்தேன், டீச்சர்கிட்ட பேயின்னு சொல்லிட்டேன்னு. அவரு கைதான் டீச்சர், வேற யாரு கை?"

எத்தனையோ ஆண்டுகளாக நான் தேடிய நியாயமான விளக்கம் இதுதான். இடித்திருப்பார் என்று அன்றே சொன்னவள் நான். ஆனால் அந்த விளக்கத்தோடு அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, அது பேயாகவே இருந்திருக்கலாமே என்று மனம் அடித்துக்கொண்டது. நான் கேமராப் பக்கத்தில் பப்பாளி இலையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். உள்ளே, இருட்டில், கறுப்புச் சட்டைக்குள் ஒளிந்துகொண்டு அவர் தொட்டிலை ஆட்டியிருக்கிறார். அன்று நான் வாய்விட்டு அழுதேன். அக்காதான் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

கருமாதியன்று அந்தப் படத்தைத்தான் வைத்தார்கள். வந்தவர்கள் ஓர் அடி தள்ளியே நின்றார்கள். உறவில் பெரியவர் ஒருவர் பொறுக்கமாட்டாமல், "என்னாம்மா இது, உள்ளுக்குள்ள சொவரு தெரியுது, காலே இல்ல. இதுக்கா மாலை போடுறது? நெஞ்சோட வெட்டிக் குடுக்கச் சொல்லு லா, அந்தச் சீனன் செய்வான்" என்றார். இன்னும் இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

"வெட்டினா தொட்டில் போயிடும்" என்றார் பாக்கியம் அக்கா. "காலு இல்லாட்டி என்னா மாமா? இனிமே எங்க போவப் போறாரு?" பிறகு தன் கையாலேயே மாலையைப் போட்டார், தொட்டிலை மறைக்காமல், ஒரு பக்கமாக ஒதுக்கி.

அன்று எல்லோரும் போனபின், பழைய தொட்டில் படத்தைத் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தார். "இத நீங்க வச்சுக்குங்க டீச்சர். எனக்கு அந்த நின்ன படம் போதும்" என்றார்.

அங்கமுத்து அண்ணனிடமிருந்து என்னிடம் இருப்பது அதுதான். வீட்டுக் கூடத்தில் ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள், ஆளில்லாத கொட்டகையில் தொட்டிலை ஆட்டியது யார் என்று. காற்று என்று சொல்லியிருக்கிறேன். பேய் என்றும் சொல்லிப் பார்த்தேன், சிரித்தார்கள். அந்தப் படத்துக்குள் ஓர் அப்பா இருக்கிறார் என்று சொல்ல மட்டும் இதுவரை வாய் வரவில்லை. அவரை அறிந்த உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.